வெந்நீர்த் தொட்டியும் கரிசல் மண்ணும்: அடித்தளத்தைத் தீர்மானிப்பது யார்?

ஜக்கூசி என்பது ஒரு குடும்பப் பெயர். இத்தாலியிலிருந்து கலிஃபோர்னியாவில் குடியேறிய அக்குடும்பத்தார், மூட்டுவாதத்தால் அவதியுற்ற தங்கள் வீட்டுச் சிறுவன் ஒருவனுக்காக 1956இல் தொட்டி நீரைச் சுழற்றும் பம்பு ஒன்றை உருவாக்கினர். 1968இல் அது தொட்டியோடு இணைந்த வடிவம் பெற்றது. பின்னர் குடும்பப் பெயர் பொதுப்பெயராகி உலகெங்கும் பரவியது. இன்று புணேயின் புறநகர்ப் பண்ணை வீடுகளிலும், கோவாவின் விடுதிகளிலும், ஹிமாசலப் பிரதேசத்தின் மலைத் தங்குமிடங்களிலும், புழக்கடையில் வைக்கும் வெந்நீர்த் தொட்டிக்கு இப்பெயரே வழங்குகிறது. பொருளோடு பெயர் பயணிப்பது மொழியில் இயல்பான நிகழ்வு. ஆனால் பெயரோடு கையேடும் சேர்ந்து பயணித்ததுதான் சிக்கல்.

அமெரிக்கக் கையேடுகள் அடித்தளம் குறித்துச் சொல்வது ஏறத்தாழ ஒரே செய்தி: மேல்மண்ணை நீக்குக, நான்கு அங்குலச் சரளைப் படுகை இடுக, அதன்மேல் நான்கு அங்குலக் கான்கிரீட் தளம் இடுக, மட்டம் பார்த்துத் தொட்டியை இறக்குக. இது தவறான அறிவுரை அன்று. பனி உறையும் நிலப்பகுதிகளில் மண்ணுக்குள் உள்ள நீர் குளிர்காலத்தில் உறைந்து பனிக்கட்டி அடுக்குகளாக வளர்ந்து தரையை மேலே தள்ளுகிறது. சரளைக் கற்களுக்கு இடையிலுள்ள அகன்ற இடைவெளிகளின் வழியே நீர் மேலேறுவது கடினம். ஆகவே சரளைப் படுகை அந்த நீரைத் தடுக்கிறது, வந்த நீரை வடிக்கவும் செய்கிறது. அதாவது, கையேட்டின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு குறிப்பிட்ட மண்ணும் ஒரு குறிப்பிட்ட தட்பவெப்பமும் இருக்கின்றன. மொழிபெயர்ப்பில் வரிகள் வந்து சேர்கின்றன. அவற்றின் பின்னிருந்த மண் வந்து சேர்வதில்லை.

அடித்தளம் தொட்டிக்காகத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, மண்ணுக்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதே இங்கு வலியுறுத்தப்பட வேண்டிய கருத்து. மண்ணை அறிந்தவர் பேச இடமில்லாத பணியிடத்தில் போடப்படும் அடித்தளம், எவ்வளவு கம்பியும் சிமென்டும் கொட்டப்பட்டாலும், ஊகத்தின்மேல் நிற்கிறது.

முதலில் எடையைப் பற்றிய அச்சத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆறு பேர் அமரும் ஒரு தொட்டி 2.1 மீட்டர் நீளமும் 2.1 மீட்டர் அகலமும் கொண்டது என்று கொள்வோம். வெறுந்தொட்டி 350 கிலோ, உள்ளே 1,300 லிட்டர் நீர், ஆறு பேரின் எடை 420 கிலோ. மொத்தம் ஏறக்குறைய 2,070 கிலோ. இது 4.4 சதுர மீட்டர் பரப்பில் பரவுவதால், ஒரு சதுர மீட்டருக்கு 470 கிலோ அளவே விழுகிறது. 70 கிலோ எடையுள்ள மனிதர் ஒருவர் இரு பாதங்களையும் ஊன்றி நிற்கும்போது அவருடைய பாதங்களின் கீழே விழும் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2,000 கிலோ. ஆக, இரண்டு டன் எடையுள்ள தொட்டி, தன்னருகே நிற்கும் மனிதரின் பாதத்தைவிட மென்மையாகவே மண்ணை மிதிக்கிறது. நன்கு இறுகிய எந்தச் சாதாரண மண்ணும் இதைத் தாங்கும்.

எனினும் பெரும்பாலான உரிமையாளர்களின் கேள்வி ‘தரை தாங்குமா?’ என்பதாகவே இருக்கிறது. கேள்வி தவறாக அமைவதால் விடையும் தவறிவிடுகிறது. தாங்குமா என்று கேட்பவர் தளத்தின் கனத்தைக் கூட்டுகிறார், கம்பியைக் கூட்டுகிறார். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த மண் அசையுமா? அசைந்தால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அசையுமா?

கரிசல் நிலத்தில் இக்கேள்வியின் கூர்மை புலப்படும். இந்தியப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கரிசல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத், தெலங்கானா, வட கர்நாடகம் எனத் தக்காணம் முழுவதும் அது விரிந்து கிடக்கிறது. இம்மண்ணிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் நீரைத் தன் அடுக்குகளுக்கு இடையே வாங்கிக்கொண்டு வீங்குகிறது; கோடையில் நீரை இழந்து சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிறது. இந்த ஏற்ற இறக்கம் தரைக்குக் கீழே மூன்று மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை ஆண்டுதோறும் நிகழக்கூடும். வீங்கும்போது கரிசல் தரும் மேல்நோக்கிய அழுத்தம் சதுர மீட்டருக்கு 10 டன்னையும் தாண்டலாம். தொட்டி கீழ்நோக்கித் தருவதோ அரை டன்னுக்கும் குறைவு.

ஆகவே கரிசலில் தொட்டி புதைவதில்லை. மண் அதைத் தூக்குகிறது. பல மாடிக் கட்டடத்தின் எடை வீக்கத்தை ஓரளவேனும் அடக்கி வைக்கும். தொட்டி, சுற்றுச்சுவர், நடைபாதை, ஓரறைக் கட்டடம் போன்ற எடை குறைந்தவைதாம் முதலில் பிளக்கின்றன. கரிசலில் இலேசான பொருளுக்குத்தான் கவனமான அடித்தளம் வேண்டும் என்பது கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும் பொறியியல் உண்மை அதுவே.

இப்போது அந்தக் கையேட்டின் சரளைப் படுகையைக் கரிசலில் வைத்துப் பார்க்கலாம். கரிசலைத் தோண்டிச் சரளையை நிரப்பும்போது, நீர் எளிதில் புகக்கூடிய ஒரு குழி, நீர் எளிதில் வெளியேற முடியாத மண்ணுக்குள் அமைகிறது. மழைநீரும், தொட்டியிலிருந்து சிந்தும் நீரும் அக்குழியில் வந்து தேங்குகின்றன. கீழேயும் பக்கவாட்டிலும் இருக்கும் கரிசல் அந்த நீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சி வீங்குகிறது. உறைபனி நிலத்தில் நீரைத் தடுத்த அதே படுகை, இங்கே வீக்கத்திற்கு நீர் ஊட்டும் தொட்டியாக மாறிவிடுகிறது. மேலே ஒரு தொட்டி, அறியாமல் கட்டிய இன்னொரு தொட்டி அதன் கீழே.

விளைவு உடனே தெரிவதில்லை. கான்கிரீட் தளம் தன் நடுப்பகுதியில் மண்ணின் ஈரம் ஆவியாகாமல் மூடிக் காக்கிறது. ஓரங்கள் மழையில் வீங்கி வெயிலில் சுருங்குகின்றன. இரண்டு மூன்று பருவங்களுக்குப் பின் தளம் ஒருபுறம் சாய்கிறது. சாய்வை முதலில் காட்டிக் கொடுப்பது தொட்டி நீர்தான். ரசமட்டம் வேண்டியதில்லை, நீர்விளிம்பே ரசமட்டம். ஒருபுறம் நீர் ததும்ப, மறுபுறம் நீரை உறிஞ்சும் வாய் வெளியே தெரிந்து காற்றை இழுக்கத் தொடங்கினால் பம்பு பழுதாகும். ஓட்டின்மேல் எடை சமமின்றி விழ, அது விரிசல் காணும். விரிசலில் கசியும் நீர் மீண்டும் கரிசலுக்கே உணவாகும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. மருந்து இந்தியாவிலேயே உருவானது என்பதுதான் குறிப்பிடத்தக்கது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடிப்பகுதி குமிழ்போல் விரிந்த தூண்களைக் கரிசலின் அசையும் அடுக்கிற்குக் கீழே ஊன்றும் முறையை வளர்த்தெடுத்தது. ஐ.ஐ.டி. பம்பாயில் பணியாற்றிய பேராசிரியர் ஆர்.கே. கட்டி வேறொரு வழியைக் காட்டினார்: வீங்கும் மண்ணின்மேல், ஒட்டும் தன்மை உடையதாயினும் வீங்காத மண்ணை ஏறத்தாழ ஒரு மீட்டர் கனத்திற்கு இறுக்கிப் பரப்பினால், கீழிருக்கும் கரிசலின் அசைவு மேலே வருவது பெரிதும் அடங்கும். மணலும் சரளையும் இப்பணிக்கு உதவா. ஒட்டும் தன்மையுள்ள மண்ணே வேண்டும். கையேட்டுக்கு நேர் எதிரான அறிவுரை இது.

அத்தகைய மண் தக்காணத்தில் தேடிக் கிடைக்காத பொருள் அன்று. எரிமலைப் பாறை சிதைந்து உருவாகும் முரும், மராத்தி பேசும் ஒவ்வொரு கொத்தனாருக்கும் தெரிந்தது. எல்லா முருமும் ஒன்றல்ல, களித்தன்மை உள்ளதும் வெறும் பொடிக்கல்லாக இருப்பதும் வேறு வேறு என்பதையும் அவர் அறிவார். நல்ல மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பரப்பி, அளவான ஈரத்தில் ஒவ்வோர் அடுக்கையும் திமிசு போட்டு இறுக்கி, தளத்தின் எல்லையைத் தாண்டியும் அதை நீட்டி, அதன்மேல் கம்பிவலையிட்ட 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் அமைத்து, சுற்றிலும் நீரை வெளியே ஓட்டும் சாய்தளமும் வடிகாலும் கட்டினால், கரிசல் தன் வழியில் அசைந்து கொண்டிருக்கும்; தொட்டி பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மின்கம்பிக்குரிய குழாயைக் கான்கிரீட் போடும் முன்பே பதித்துவிட வேண்டும் என்பதும், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் செலுத்தும் எர்த்திங்கும் 30 மில்லி ஆம்பியர் துண்டிப்பானும் இன்றி நீரும் மின்சாரமும் ஓரிடத்தில் கூடக் கூடாது என்பதும் சொல்லாமலே விளங்கும்.

மண் வீங்குமா என்று அறியப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. இந்தியத் தரநிர்ணய ஆவணம் ஐ.எஸ். 2720இன் 40ஆம் பகுதி ஓர் எளிய சோதனையை விவரிக்கிறது. உலர்த்திச் சலித்த மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் இட்டு, ஒன்றில் காய்ச்சி வடித்த நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி, 24 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது, நீரில் வீங்கும். இரு குடுவைகளிலும் மண் நிற்கும் உயரத்தின் வேறுபாடே விடை. நீரிலுள்ள மண்ணின் கன அளவு மற்றதைவிட 50 விழுக்காட்டுக்குமேல் கூடியிருந்தால், கையேட்டை மூடி வைத்துவிட்டுப் பொறியாளரை அழைக்க வேண்டும். பள்ளி ஆய்வகத்திலேயே செய்துவிடக்கூடிய இச்சோதனை, பல இலட்சம் செலவிடப்படும் புழக்கடைகளில் ஏன் செய்யப்படுவதில்லை?

கரிசலிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு இறங்கினால் கதை மாறுகிறது. கோவாவிலும் கடலோரக் கர்நாடகத்திலும் வட கேரளத்திலும் தரையின் மேலே இறுகிய செம்பாறை மூடி கிடக்கிறது. 1807இல் பிரான்சிஸ் புகானன் இதற்கு இலேட்டரைட் என்று பெயரிட்டது, மலப்புரம் மாவட்டத்து அங்காடிப்புரத்தில் கண்டதை வைத்துத்தான். மலையாளிகள் அதற்கு முன்பே வெட்டுகல் என்றனர். வெட்டும்போது மென்மை, காற்றுப்பட்டால் வலிமை என்னும் பண்பின் முற்பாதி அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. இந்த மூடி தொட்டிக்கு மிக நல்ல அடித்தளம். ஆனால் தொட்டியைத் தரைமட்டத்திற்கு இறக்கிப் பதிக்கும் ஆசையில் மூடியைக் குடைந்தால், கீழே மென்மையான வேறொரு மண் வெளிப்படும். மங்களூர் வட்டாரத்தில் அதன் பெயர் சேடி. உலர்ந்திருக்கும்போது உறுதியாக நிற்கும் சேடி, நீர் ஏறினால் வலிமை இழந்து கரைந்தோடும். ஆகவே அங்கே விதி வேறு: தோண்டாதீர், மூடியின்மேல் தளம் இட்டு, தொட்டியை மேலே வையுங்கள்.

மலைநாட்டில் விதி மீண்டும் மாறுகிறது. சரிவில் சமதளம் உண்டாக்க, மேற்பாதியை வெட்டிய மண்ணைக் கீழ்ப்பாதியில் கொட்டி நிரப்புவதே எளிய வழி. அந்தச் சமதளத்தின் நடுவே தொட்டி வைத்தால், அதன் ஒரு பாதி பழைய உறுதியான தரையிலும் மறுபாதி நேற்றுக் கொட்டிய மண்ணிலும் அமர்கிறது. கொட்டிய மண் அமிழும். வெட்டிய தரை அமிழாது. கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் இடம், அடியில் இரண்டாகப் பிளந்த இடம். அங்கே தொட்டி முழுவதும் வெட்டிய பகுதியிலேயே அமைய வேண்டும். அதைவிடப் பெரிய கேள்வி, தொட்டியைக் காலி செய்யும்போது அந்த 1,300 லிட்டர் நீர் எங்கே போகிறது என்பது. பழைய நிலச்சரிவுக் குவியலின்மேல் அமைந்த ஜோஷிமட் நகரத்தைக் குறித்து 1976ஆம் ஆண்டிலேயே மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது. 2023 ஜனவரியில் அங்கு வீடுகள் பிளந்தபோது, முறையான வடிகாலின்றி நிலத்துக்குள் இறங்கிய நீரும் காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. ஒரு தொட்டி ஒரு மலையைச் சரிக்காது. ஆனால் வடிகாலற்ற ஒவ்வொரு புழக்கடையும் அக்கணக்கில் ஒரு சிறு பற்று.

மண்ணே வேண்டாம் என்று மொட்டைமாடிக்குப் போவோரும் உண்டு. ஆட்கள் நடமாடும் தட்டையான கூரைக்கு ஐ.எஸ். 875இன் இரண்டாம் பகுதி கொள்ளச் சொல்லும் நகரும் பாரம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. தொட்டியின் 470 கிலோ அதன் மூன்று மடங்கு. தரையில் எளிதாகத் தாங்கப்படும் அதே தொட்டி மாடியில் உயிராபத்து. கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு இன்றி அங்கே நீர் நிரப்புவதை எந்தச் சொல்லாலும் நியாயப்படுத்த முடியாது.

இவ்வளவு அறிவும் இருக்கிறது. நூல்களில் இருக்கிறது, தரநிர்ணய ஆவணங்களில் இருக்கிறது, மண்வெட்டி பிடித்தவரின் கைகளிலும் இருக்கிறது. பின்னர் எங்கே அறுபடுகிறது? இடையே நிற்கும் மொழியில் அறுபடுகிறது.

புணே அருகே ஒரு பணியிடத்தைக் கற்பனை செய்யலாம். கையேடு ஆங்கிலத்தில், உரிமையாளரும் விற்பனையாளரும் பேசுவது ஆங்கிலத்திலும் இந்தியிலும், மேஸ்திரியின் மொழி மராத்தி, குழி தோண்டுவோர் மண்வேலைக்குப் பெயர்பெற்ற பாலமூர்ப் பகுதியிலிருந்து வந்த தெலுங்கர்கள். அரை மீட்டர் தோண்டியதும் மண்வெட்டியில் ஒட்டும் மண்ணைப் பார்த்து அவர்களுள் ஒருவர் ‘ரேகடி’ என்கிறார். அந்த ஒற்றைச் சொல் ஒரு மண் ஆய்வறிக்கைக்கு நிகர். தோண்டியவருக்கு அது எச்சரிக்கை. மேலே நிற்பவருக்கு அது ஓசை. தளம் பிளக்கும் நாளில் ‘சரியாகப் போடவில்லை’ என்று மேஸ்திரியின் பாக்கித் தொகை பிடிக்கப்படும். கேட்கப்படாத அந்தச் சொல்லை எவரும் நினைவுகூரப் போவதில்லை.

தெலுங்கின் ரேகடிதான் ‘ரேகர்’ என்று ஆங்கிலப் புவியியல் நூல்களில் ஏறியது. முரும் தரநிர்ணய ஆவணங்களில் ‘மூரம்’ ஆனது. சேடி மண்ணை அப்பெயராலேயே ஆய்வுக் கட்டுரைகள் குறிக்கின்றன. தோண்டியவரின் சொல்லை அறிவியல் வாங்கிக்கொண்டது. தன் விடையை அவர் மொழியில் திருப்பித் தரவில்லை. அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961 முதல் இயங்கி வருகிறது. ஆயினும் கலைச்சொல்லாக்கம் இந்நாட்டில் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லுக்கு நிகரன் படைக்கும் பணியாகவே எண்ணப்பட்டது. பணியிடத்தில் ஏற்கெனவே வழங்கும் சொல்லைத் திரட்டும் பணியாக அது வளரவில்லை. ‘விரிவுறு களிமண்’ என்று புதிதாக ஆக்கிய சொல், கரிசல் என்று அறிந்தவருக்கு எதையும் கூடுதலாகச் சொல்வதில்லை.

நீர்ப் பஞ்சமுள்ள நாட்டில் செல்வர் வீட்டு வெந்நீர்த் தொட்டிக்கு இவ்வளவு கவலை ஏன் என்ற கேள்வி எழக்கூடும். கேள்வி நியாயமானது. வெந்நீர்த் தொட்டி வேண்டுமா என்பது தனி விவாதம். ஆனால் அதே மண்ணின்மேல்தான் அங்கன்வாடியின் ஓரறைக் கட்டடமும், பள்ளிக் கழிப்பறையும், கிராமத்தின் நெகிழித் தண்ணீர்த் தொட்டியும் நிற்கின்றன. 1,000 லிட்டர் நெகிழித் தொட்டி ஏறக்குறைய ஒரு சதுர மீட்டரில் ஒரு டன்னை இறக்குகிறது. வெந்நீர்த் தொட்டியைப் போல் இரு மடங்கு. இவை எல்லாம் ‘சிறு பணி’ என்ற ஒரே காரணத்தால் மண் சோதனைக்கும் பொறியாளர் பார்வைக்கும் வெளியே நிற்பவை. செல்வர் தம் தொட்டியை மாற்றிக்கொள்வார். அங்கன்வாடிச் சுவர் பிளந்தால் குழந்தைகள் மரத்தடிக்குப் போவார்கள்.

தீர்வுகள் எளியவை. குடிமைப் பொறியியல் துறை உள்ள ஒவ்வொரு கல்லூரியும், சுற்றுவட்டார மக்கள் கொண்டுவரும் மண்ணுக்கு அந்த இரு குடுவைச் சோதனையைச் செய்து, விடையை வட்டார மொழியில் ஒரே பக்கத்தில் எழுதித் தரலாம். மொழியியல் துறைகள் மண்ணின் பெயர்களை, அவற்றைச் சொல்லும் தொழிலாளர்களிடமிருந்தே திரட்டி, ஒவ்வொரு பெயருக்கும் மண்ணியல் பண்புகளை எதிரே எழுதிய அகராதிகளை உருவாக்கலாம். தொட்டி விற்போர் தங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் ‘உங்கள் மண் எது?’ என்ற ஒரு கேள்வியை அச்சிடலாம்.

அதுவரை, குழி வெட்டப்படும் நாளில் உரிமையாளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கான்கிரீட் லாரிக்குச் சொல்லுமுன் குழிக்கருகே சென்று, உள்ளே நிற்பவரிடம் இந்த மண்ணை அவருடைய ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்றும், மழைக்காலத்தில் அது என்ன செய்யும் என்றும் கேட்கலாம். விடை அவரிடம் இருக்கிறது. கேட்பதற்குச் செலவும் இல்லை.